விளையாட்டுப் பெட்டி அமைத்தல்: திட்டமும் கணக்கும்

வழக்கொழிந்த கருவியொன்றை மீண்டும் ஆக்கிப் பார்க்கும் முயற்சி எம் நாட்டார்க்குப் புதியதன்று. மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகளார், கேட்பாரும் மீட்டுவாருமின்றி மறைந்துபோன யாழின் அமைப்பை இலக்கியச் சான்றுகொண்டும் கணிதங்கொண்டும் ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார். நரம்பின் நீளமும் சுருதியும் தம்முள் எவ்வாறு இயைகின்றன என்பதைக் கணக்கிட்டுத் தெளிந்த பின்னரே கருவியின் வடிவு பற்றிய பேச்சு எழுதல் வேண்டும் என்பது அவர் காட்டிய முறை. முதலிற் கணக்கு, பின்னர் மரம் என்னும் அம்முறையைச் சிறியதொரு பொருளில் வைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் நாணய விளையாட்டுப் பெட்டி. நின்றுகொண்டு ஒரு கையாற் கோலை அசைத்தும் மறுகையால் விசைகளை அழுத்தியும் திரையிலே ஆடும் ஆட்டம் அது. மேல்நாட்டு நகரங்களில் 1970 களின் பிற்பகுதியிலும் 1980 களிலும் கடைதோறும் நின்ற அப்பெட்டிகள் இன்று பெரும்பாலும் மறைந்தொழிந்தன. ஆயினும் அவற்றைத் தம் கையாலே மீள அமைப்போர் தொகை உலகெங்கும் பெருகி வருகின்றது. எம் பாடசாலைகளிலும் கணினிக் கழக மாணவர் கண்காட்சிக்கென்று இத்தகைய பெட்டியொன்று செய்யவேண்டுமென ஆசைப்படுகின்றனர். ஆசை நன்று. ஆனால் திட்டமின்றித் தொடங்கிய வேலை, பணம் தீர்ந்தவிடத்து நின்றுபோய், பரிசோதனைக் கூடத்தின் மூலையிற் பாதிப் பெட்டியாகத் தூசி படிந்து கிடப்பதுண்டு. அதற்குப் பணம் தந்தவர் பெற்றோரும் பழைய மாணவரும் ஆவர். அடுத்த முறை நூல்நிலையத்துக்கெனக் கேட்கச் சென்றாலும் அவர் முகம் முன்போல் மலராது. ஆதலின் இதனை விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்காது, பொறுப்புள்ள ஒரு செலவாகவே வைத்து ஆராய்வாம்.

பெட்டி பிறந்த கதை

நாணயமிட்டு ஆடும் கணினி விளையாட்டு வணிகப் பொருளாக வெளிவந்தது 1971 ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவில் நோலன் புஷ்னெல், ரெட் டப்னி என்னும் இருவர் ஆக்கிய 'கொம்பியூற்றர் ஸ்பேஸ்' என்பதே அது. அடுத்த ஆண்டு அவ்விருவரும் அற்றாரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கு அலன் அல்கோர்ன் என்னும் பொறியியலாளர் 'பொங்' என்னும் மேசைப்பந்து போன்ற ஆட்டத்தை அமைத்தார். அதன் முதல் மாதிரியை எடுத்துக் கலிபோர்னியா மாநிலத்தின் சனிவேல் நகரில் உள்ள மதுச்சாலையொன்றில் வைத்தனர். சின்னாட்களில் அது பழுதுபட்டுவிட்டது என்று செய்தி வர, சென்று பார்த்தபோது நாணயம் நிரம்பி வழிந்தமையே பழுதெனக் கண்டனர் என்பது பலரும் அறிந்த வரலாறு.

இக்கதையில் எமக்கு வேண்டிய பகுதி பிறிதொன்று. அம்முதல் மாதிரி, கடையில் வாங்கிய சாதாரண கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியொன்றை மரப்பெட்டியுள் வைத்துச் செய்யப்பட்டதாகும். கிடைத்த பொருளைக்கொண்டு கையால் அமைத்த பெட்டியே இத்தொழிலின் மூலம் என்பது இதனாற் பெறப்படும். எம் மாணவர் செய்யக் கருதுவதும் அதனின் வேறன்று.

அதன் பின்னர் 1978 இல் யப்பானின் தைற்றோ நிறுவனத்தைச் சேர்ந்த நிஷிக்காடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பதை ஆக்கினார். 1980 இல் நம்கோ நிறுவனத்தின் இவாத்தானி 'பக்மான்' என்பதை அளித்தார். 1981 இல் நின்டென்டோவின் 'டொங்கி கொங்' வந்தது. 1991 இல் வெளியான 'ஸ்றீற் பைற்றர்' இரண்டாம் ஆட்டம், ஒருவருக்கு ஆறு விசைகள் வேண்டும் என்னும் புதிய வழக்கை நிலைநாட்டிற்று. இவ்வாண்டுகளை நினைவிற் கொள்க. எந்த ஆண்டின் ஆட்டத்தை ஆட விரும்புகின்றோம் என்பதே பெட்டியின் செலவைத் தீர்மானிக்கும்.

ஆட்டம் முன், பெட்டி பின்

திட்டமிடுவோர் இழைக்கும் முதற் பிழை, கணினியை முதலில் வாங்குவது. இரண்டாவது, மரத்தை முதலில் அறுப்பது. சரியான ஒழுங்கு யாதெனின், ஆட்டங்களை முதலில் தெரிந்து, அவற்றுக்கேற்ற விசைகளைக் குறித்து, பின்னர்த் திரையையும், அதன் பின்னர்க் கணினியையும், ஈற்றிற் பெட்டியையும் முடிவு செய்தலாகும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னையதைச் சார்ந்து நிற்கின்றமையின் இவ்வொழுங்கை மாற்றுதல் ஆகாது.

எடுத்துக்காட்டொன்று தருவாம். 'பக்மான்' ஆட்டத்திற்குக் கோல் ஒன்றே போதும். சுடுவதற்கோ பாய்வதற்கோ விசையில்லை. அதன் படம் அகலத்தில் 224 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளும் உடையது. அஃதாவது நிமிர்ந்த படம். காரியாலயங்களில் கழித்துவிடப்படும் 19 அங்குலத் திரைகளிற் பல, 1280 க்கு 1024 புள்ளிகள் உடையவை. அத்தகைய திரையைக் கிடையாக வைத்தால் மேற்படி படத்தை மூன்று மடங்காகப் பெருக்கலாம். 672 க்கு 864 என அமையும். நான்கு மடங்காக்கின் உயரம் 1152 ஆகித் திரையின் 1024 ஐ மீறும். திரையை நிமிர்த்தி வைத்தாலோ நான்கு மடங்கு, அஃதாவது 896 க்கு 1152, இனிது அடங்கும். படம் பெரிதாகத் தோன்றும். ஆனால் நிமிர்த்திய திரையிற் பிற்கால ஆட்டங்களின் கிடைப்படம் சிறுத்துவிடும், பெட்டியும் உயரமாதல் வேண்டும், மரமும் கூடும். ஆகவே ஓர் ஆட்டத்தைப் பற்றிய விருப்பம், திரையின் நிலையையும் பெட்டியின் உயரத்தையும் மரத்தின் விலையையும் தொடர்ந்து மாற்றுகின்றது. பலவகை ஆட்டங்களுக்கும் பொதுவாக ஒரு பெட்டி வேண்டுமெனின் கிடைநிலையே தக்கது. இக்கட்டுரையில் அதனையே கொள்வாம்.

உள்ளுறுப்புகள் தொழிற்படும் வகை

பெட்டியின் உள்ளே உள்ளவை நான்கு: கணினி, திரை, கட்டுப்பாட்டு உறுப்புகள், மின்வழங்கி. இவற்றோடு சிறிய ஒலிபெருக்கி இரண்டு.

பழைய பெட்டிகளில் ஆட்டத்துக்கொரு மின்சுற்றுப் பலகை இருந்தது. இன்று ஒரே கணினி அவையனைத்தையும் போல நடிக்கின்றது. இவ்வாறு பழைய பொறியின் செயலை ஒவ்வொரு படியாகப் பின்பற்றிக் காட்டும் மென்பொருளைப் போன்மி எனலாம். இவற்றுட் புகழ்பெற்ற 'மேம்' என்பதை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பெப்ரவரியில் வெளியிட்டார். பழைய பொறிகளின் இயல்பு அழியாமற் பதிந்து வைக்கப்படுதலே அதன் முதன்மை நோக்கமென அதனை ஆக்குவோர் கூறுகின்றனர்.

இதற்கு எத்துணை ஆற்றலுள்ள கணினி வேண்டும்? 'பக்மான்' பொறியின் செயலி செக்கனுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் துடிப்புகள் உடையது. 2016 இல் வந்த 'ராஸ்பெரி பை' மூன்றாம் வகைக் கணினியின் செயலி செக்கனுக்கு 120 கோடி துடிப்புகள் உடையது. அஃதாவது துடிப்பளவில் ஏறக்குறைய 400 மடங்கு. போன்மி ஒரு கட்டளைக்குப் பல கட்டளைகளை நிறைவேற்ற வேண்டியிருப்பினும் இம்மிகை தாராளமாகப் போதும். உள்ளங்கையளவான இக்கணினி, பிள்ளைகள் நிரலாக்கம் பழகுவதற்கென்றே பிரித்தானியாவில் ஆக்கப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது கிடையாதவிடத்து, பாடசாலையிலோ பழைய மாணவர் வீட்டிலோ ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் மேசைக் கணினியே 1980 களின் ஆட்டங்களுக்கு அமையும். புதியது வாங்குமுன் பழையதைத் தேடுக.

கோலின் அடியில் நான்கு நுண்ணாளிகள் உள. மேல், கீழ், இடம், வலம் என்னும் திசைக்கு ஒன்றாக அவை அமையும். இரண்டு ஒருங்கே அழுந்தின் மூலைத்திசை பெறப்படும். ஒவ்வொரு விசையின் கீழும் ஓர் ஆளி உண்டு. இவையனைத்தும் சிறிய குறிமாற்றிப் பலகையொன்றிற் சேர்கின்றன. கணினிக்கு அப்பலகை ஒரு விசைப்பலகையோ ஆட்டக் கைப்பிடியோ போலத் தோன்றும். விசைகளுக்குரிய துளை பெரும்பாலும் 30 மில்லிமீற்றர் விட்டமுடையது; தொடக்க விசை போன்ற சிறியவற்றுக்கு 24 மில்லிமீற்றர். துளையிடுமுன் விசையைக் கையிற்கொண்டு அளந்து பார்த்தல் கட்டாயம்.

திரையைப் பொறுத்தவரையில் ஓர் எச்சரிக்கை. பழைய குழாய்த் திரைத் தொலைக்காட்சியின் ஒளி அழகுடையதே. அக்கால ஆட்டங்கள் அதற்கென்றே வரையப்பட்டவை. ஆயினும் வண்ணக் குழாய்த் திரையின் உள்ளே 20,000 வோல்ற்றுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்னை நிறுத்திய பின்னரும் அது தங்கியிருக்கக்கூடும். அதன் உறையைக் கழற்றிப் பெட்டியுள் வைக்கும் வேலையை மாணவர் எக்காரணங்கொண்டும் செய்தலாகாது. தட்டைத் திரையே பாடசாலைக்கு உரியது.

பலகைக் கணக்கு

ஆளுயரப் பெட்டி ஆறடி அளவினது. இரண்டு பலகைத் தாள்கள் வரை விழுங்கும். தூக்க நால்வர் வேண்டும். மேசைமேல் வைக்கும் பெட்டி அதன் பயனைத் தந்து செலவைக் குறைக்கின்றது. அத்தகைய ஒன்றுக்கு அளவிடுவாம்.

ஒட்டுப்பலகைத் தாள் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. அதிற் பாதி 48 அங்குலச் சதுரம். பரப்பு 2,304 சதுர அங்குலம். 19 அங்குலத் திரையின் புறச்சட்டம் ஏறக்குறைய 16 அங்குல அகலமாகலின், பெட்டியின் உள்ளகலம் 17 அங்குலமெனக் கொள்க. அரை அங்குலத் தடிப்புள்ள பலகையாற் செய்யின் வெளியகலம் 18 அங்குலமாகும். வேண்டிய துண்டுகள் வருமாறு:

பக்கப் பலகை இரண்டு, 18 க்கு 24: 864
அடிப்பலகை, 17 க்கு 18: 306
பின்பலகை, 17 க்கு 24: 408
திரைப்பலகை, 17 க்கு 15: 255
கட்டுப்பாட்டுப் பலகை, 17 க்கு 9: 153
மேற்பலகை, 17 க்கு 8: 136
பெயர்ப்பலகை, 17 க்கு 5: 85
முன்பலகை, 17 க்கு 4: 68

கூட்டுத்தொகை 2,275 சதுர அங்குலம். பாதித் தாளின் பரப்போ 2,304. மீதி 29. கணக்குப் புத்தகத்தில் விடை சரி. ஆனால் தச்சரிடம் காட்டினால் அவர் தலையசைப்பார். வாளின் வாய் ஒவ்வொரு வெட்டுக்கும் சிறிது மரத்தைத் தின்னும். துண்டுகளும் இடைவெளியின்றிப் பொருந்துவன அல்ல. பரப்புக் கணக்கு மட்டும் கொண்டு மரம் வாங்கியவர் இரண்டாம் முறை கடைக்குச் செல்வது திண்ணம்.

பரிகாரம் எளிது. பின்பலகை பாரம் தாங்குவதன்று. அதனை மெல்லிய பலகையாற் செய்து, திருகாணியாற் கழற்றக்கூடியதாக்குக. பழுதுபார்க்கவும் அது வசதி. அப்போது பாதித் தாளிலிருந்து வேண்டுவது 1,867 சதுர அங்குலமே. அடுக்கும் முறையையும் கூறுவாம். தாளின் மேற்பாதியில் இரு பக்கப் பலகைகளையும் அருகருகே வைத்தால் 36 அங்குல அகலம் செல்லும். எஞ்சிய 12 அங்குலக் கீற்றிற் பெயர்ப்பலகை நிமிர்ந்து நிற்கும். கீழ்ப்பாதியில் 17 அங்குல அகலமான இரு நிரல்கள் அமைக்க. முதல் நிரலில் அடிப்பலகையும் முன்பலகையும் சேர 22 அங்குலம். இரண்டாம் நிரலில் திரைப்பலகையும் மேற்பலகையும் சேர 23 அங்குலம். மீதமுள்ள 14 அங்குலக் கீற்றிலே கட்டுப்பாட்டுப் பலகையை நிமிர்த்தி வைக்க. யாவும் வாள்வாய்க்கும் இடம் விட்டு அடங்கும். இப்படத்தைக் கட்டத்தாளில் வரைந்து வெட்டி அடுக்கிப் பார்க்கும் மாணவன், கேத்திரகணிதம் எதற்குதவும் என்று மறுபடி வினவான்.

பக்கப் பலகை நீள்சதுரமாக வெட்டப்பட்ட பின்னரே அதன் முன்விளிம்பு சாய்வாக அறுக்கப்படும். அதற்குமுன் பழைய அட்டைப்பெட்டியால் முழு அளவில் மாதிரியொன்று செய்து மேசைமேல் வைத்து, உயர்ந்தவன் ஒருவனையும் குறுகியவன் ஒருவனையும் நிற்கச் செய்து, கை இயல்பாக விழுகின்றதா, கழுத்து நோகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அட்டையில் திருத்துவதற்குப் பணமில்லை.

உவர்க்காற்றும் மாரியும்

மேல்நாட்டார் எழுதிய வழிகாட்டிகளை அவ்வண்ணமே பின்பற்றுதல் வாவிக்கரைக்குப் பொருந்தாது. அவர் பெரிதும் பரிந்துரைப்பது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. அது வழவழப்பானது, வெட்டுவதற்கு இனியது. ஆனால் ஈரம் பட்டால் விளிம்பு ஊதி, திருகாணி பிடிப்பிழந்துவிடும். வாடைக்காற்றோடு மாரி பொழியும் கார்த்திகை, மார்கழியில் எம் சுவர்களே வியர்க்கின்றன. ஆதலின் ஒட்டுப்பலகையே கொள்க. இயலுமாயின் நீர்தாங்கும் பசையால் ஒட்டப்பட்டது. வெட்டுவிளிம்புகள் அனைத்தையும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் உட்பட, வண்ணமோ வார்னிசோ இட்டு மூடுக. திருகாணி துருப்பிடியா உருக்காலோ பித்தளையாலோ ஆனதாக இருத்தல் நன்று. அடியில் இறப்பர்க் கால்கள் நான்கு வைத்தால் ஈரமும் கறையானும் எளிதில் ஏறா.

காற்றுத் துளைகள் கீழும் மேலுமாக இருத்தல் வேண்டும். வெப்பக் காற்று மேலெழுந்து செல்ல, குளிர்ந்தது கீழிருந்து புகும். அத்துளைகளுக்கு நுண்வலையிடாவிடின் பல்லியும் எறும்பும் குடிபுகும். சுற்றுப் பலகையில் விழுந்த பல்லியெச்சம் ஒரு கணினியையே கெடுக்கும்.

மின்னிணைப்பு 230 வோல்ற்று. பெட்டியுள் அம்மின் வரும் பகுதியைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும். மாணவர் கைபடுவது 5 வோல்ற்றுப் பக்கம் மட்டுமாக இருக்கட்டும். உருகியும் நிலத்தொடுப்பும் பெறுமதி பார்த்து விடக்கூடியவை அல்ல. நடைமுறைச் செலவோ மிகச் சிறிது. தட்டைத் திரையும் சிறுகணினியும் சேர்ந்து 40 வாற்று எனக் கொண்டால், 25 மணிநேர ஆட்டத்திற்கு ஓர் அலகு மின்சாரமே செல்லும்.

பணக் கணக்கு

இனிச் செலவுக்கு வருவாம். கீழ்வரும் தொகைகள் கடை விலைகள் அல்ல; ஒதுக்கீட்டு முறையைக் காட்டுதற்கு யாம் வைத்துக்கொண்டவை. கழகத்தின் கையில் 60,000 ரூபா உளதெனக் கொள்வோம். விலை கேட்குமுன்னரே இதனைப் பகுத்து எழுதுக:

கணினி, நினைவட்டை, மின்வழங்கி: 18,000
பழைய தட்டைத் திரை: 10,000
பலகை, திருகாணி, பசை: 9,000
கோல், விசைகள், குறிமாற்றி: 8,000
மின்கம்பி, உருகி, ஒலிபெருக்கி: 4,000
வண்ணப் பூச்சு: 2,000
எதிர்பாராச் செலவு: 9,000

எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கியது மொத்தத்தில் நூற்றுக்கு 15. இதனை வீண் என்று கருதுவோர் 2022 ஆம் ஆண்டை மறந்தவராவர். அவ்வாண்டு மார்ச்சு தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்திற்குள் 350 ரூபாவையும் தாண்டிற்று. இறக்குமதிப் பொருளை நம்பிய எல்லாத் திட்டங்களும் அப்போது நிலைகுலைந்தன. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது கடல்கடந்து வருவதா, உள்ளூரிற் பெறுவதா எனக் குறிக்க. மேற்படி பட்டியலிற் கணினித் தொகுதியும் கட்டுப்பாட்டு உறுப்புகளும் சேர்ந்த 26,000 ரூபாவே நாணயமாற்றுக்கு நேரே ஆளாவது. அது நூற்றுக்கு 20 ஏறின் மேலதிகம் 5,200, ஒதுக்கு தாங்கும். நூற்றுக்கு 40 ஏறின் மேலதிகம் 10,400. 1,400 ரூபா குறையும். எவ்வளவு வரை தாங்குவோம் என்பது இவ்வாறு முன்னரே தெரிந்துவிடுகின்றது. அவ்வெல்லை வந்தால் எதனைக் கைவிடுவது என்பதையும் அன்றே எழுதி வைத்தல் அறிவுடைமை. பெயர்ப்பலகைக்கு விளக்கிடுவதைக் கைவிடலாம், உருகியைக் கைவிடலாகாது.

கொள்வனவின் ஒழுங்கும் பணத்தைக் காக்கும். முதலிற் கணினியும் திரையும்; அவை மேசைமேல் இயங்கிய பின்னர் ஒரே ஒரு கோலும் விசைகளும்; அவையும் இயங்கிய பின்னரே பலகை. இவ்வொழுங்கில் எந்தப் படியில் வேலை நின்றாலும் கையிலிருப்பது வேறொன்றுக்குப் பயன்படும் பொருளாக இருக்கும். கணினியைப் பாடத்துக்குக் கொள்ளலாம். திரையைக் காரியாலயத்திற்கு வைக்கலாம். துளையிட்ட பலகையை எவரும் கொள்ளார்.

பொருளியலார் அமையச் செலவு என்பர். ஒரு பணத்தை ஒன்றிற் செலவிடும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த பயனே அச்செலவின் உண்மைப் பெறுமதி. வெளிவாரியாக இதனைக் கற்ற நாளிலிருந்து எந்தப் பாடசாலைச் செலவைக் காணினும் எமக்கு இவ்வினா எழுகின்றது. 60,000 ரூபாவுக்கு எத்தனை நூல்கள் வாங்கலாம்? எத்தனை பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கலாம்? கழகப் பொறுப்பாசிரியர் இவ்வினாவுக்கு எழுத்தில் விடைகூற ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பெட்டி வெறும் பொழுதுபோக்காயின் விடை இல்லை. தச்சு, மின், கணிதம், நிரலாக்கம், கணக்குப் பதிவு என்னும் ஐந்தையும் பிள்ளைகள் தம் கையாற் பழகும் வாயிலாயின் விடை உண்டு. இரண்டாவதாக அமைவதற்குத் தக்க ஏற்பாட்டைச் செய்வதே திட்டத்தின் உயிர்.

உரிமையும் ஒழுக்கமும்

பலர் பேசாது விடும் செய்தியொன்று உண்டு. போன்மி மென்பொருள் சட்டத்துக்கு இயைந்தது, இலவசமாகவும் கிடைப்பது. ஆனால் அதிற் போட்டு ஆடும் பழைய ஆட்டங்கள் பெரும்பாலும் இன்றும் உரிமையாளருக்கு உரியவை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் பதிப்புரிமை நிலவும். 1980 இல் வந்த ஆட்டம் முதுமையடைந்தது என்பதால் அது எவர்க்கும் பொதுவாகிவிடாது. இணையத்தில் எளிதிற் கிடைக்கின்றது என்பதும் நியாயமாகாது. பரீட்சையிற் பார்த்தெழுதலாகாது எனக் கற்பிக்கும் இடத்தில், பிறர் உழைப்பைக் கேளாது எடுத்து வைத்துக் கண்காட்சி நடத்துதல் பொருந்துமா என்பதை ஆசிரியரே தீர்மானிக்க.

வழி இல்லாமலில்லை. 'றொபி றொற்றோ' முதலிய சில ஆட்டங்களை உரிமையாளரே வணிகமல்லாப் பயனுக்கென மனமுவந்து வழங்கியுள்ளனர். அவற்றைக்கொண்டு பழைய பெட்டியின் இயல்பைக் காட்டலாம். அதனினும் சிறந்தது மாணவர் தாமே ஆட்டம் ஆக்குதல். 'ஸ்கிராச்', 'பைதன்' என்னும் நிரலாக்க மொழிகள் விலையின்றிக் கிடைப்பன, சிறுகணினியில் இயங்குவன.

ஆக்குவதற்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டா. கண்ணகி வழிபாட்டோடு இயைந்த எம் கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி என இரு கட்சியார் கொம்புகளைக் கொளுவி இழுப்பர். ஒருவர் இடப்புற விசையையும் மற்றவர் வலப்புற விசையையும் காலந்தவறாது அழுத்த, திரையிலே கொம்பு இப்புறமும் அப்புறமும் இழுபட்டு ஈற்றில் ஒன்று முறியும்படி அமைக்கலாம். கோலும் வேண்டாத எளிய நிரல் அது. வாவியில் தோணியைச் செலுத்தி, பாடும் மீனின் ஓசை எத்திசையினின்று வருகின்றது எனக் காதாற் கேட்டுத் தேடும் ஆட்டம் பிறிதொன்று. இடம், வலம் என்னும் ஒலிபெருக்கிகளின் வேறுபாட்டைப் பௌதிகவியல் ஆசிரியர் அதிலே விளக்கலாம். பல்லாங்குழியோ கணக்கறிவோடு பிறந்த ஆட்டம். இவற்றை ஆடவரும் பாட்டிமாருக்கும் விதி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நாணயம் இடும் பொறியைப் பற்றி ஒருசொல். பழைய தோற்றம் வேண்டுமென்று அதனைப் பொருத்த விரும்புவோர் உளர். பாடசாலைப் பெட்டியில் அது வேண்டா. செலவு ஒருபுறமிருக்க, காசுள்ள பிள்ளை ஆடுவதும் காசில்லாப் பிள்ளை பார்த்து நிற்பதும் அதனால் விளையும்.

காலத் திட்டம்

வேலைக்குப் பத்து வாரம் போதும். முதலிரு வாரம் ஆட்டங்களைத் தெரிதலும் விலை விசாரித்தலும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று இடத்து விலை எழுதப்படல் வேண்டும். அடுத்த இரு வாரம் கணினியையும் திரையையும் மேசைமேல் இயக்குதல். ஐந்தாம் வாரம் அட்டை மாதிரி. ஆறாம், ஏழாம் வாரங்களில் மரவேலை. எட்டாம் வாரம் வண்ணப் பூச்சு. ஒன்பதாம் வாரம் பொருத்துதல். பத்தாம் வாரம் சோதனைக்கும் கணக்கு முடிப்புக்கும் உரியது. நிரலாக்கக் குழு முதல் வாரந்தொட்டு வேறாக இயங்கலாம். கச்சான் வீசும் உலர்ந்த மாதங்களிலே தொடங்கினால் பூச்சு நன்கு காய்ந்து, ஐப்பசி மழைக்கு முன்னர் வேலை முடிந்துவிடும்.

மாணவருள் ஒருவன் பொருளாளனாக இருந்து, பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு ஒட்டி, வாரந்தோறும் மீதியைச் சுவர்ப்பலகையில் எழுதுக. ஒதுக்கீடு ஒரு நிரல், உண்மைச் செலவு ஒரு நிரல், வேறுபாடு ஒரு நிரல். பெட்டி திறந்துவைக்கப்படும் நாளில் இக்கணக்கும் அதனருகே மாட்டப்படல் வேண்டும். பணம் தந்தோர் முதலில் அதனையே படிப்பர். அதன் பின்னர் ஆடுவர்.

பெட்டி பழுதடையும் நாளும் வரும். விசையொன்று சிக்கும், நினைவட்டை கெடும். ஆகவே இணைப்புப் படத்தையும், நினைவட்டையின் படியொன்றையும், மிகுதி விசைகள் இரண்டையும் ஓர் உறையில் இட்டுப் பின்பலகையின் உட்புறத்தே ஒட்டிவைத்தல் வேண்டும். செய்த மாணவர் பாடசாலையை விட்டுச் சென்றபின் திருகாணியைக் கழற்றும் பிள்ளை, தனக்கு முன் வந்தோர் என்ன நினைத்து எதனைச் செய்தனர் என்பதை அவ்வுறையிற் காண்பான். அதனை வாசித்துத் தானே பழுதுநீக்கி மீண்டும் ஆட்டத்தைத் தொடக்குவானாயின், 60,000 ரூபா செலவழித்த கழகம் தன் கணக்கை நேர் செய்துவிட்டது எனலாம்.